ஃப்ரீ சைஸ் குல்லாவும் இளிச்சவாய்த் தலைகளும்

'ஃப்ரீ சைஸ்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்தால், அவர் தலையில் ஒரு ஃப்ரீ சைஸ் குல்லாவை மாட்டி, அத்திபெலே டோல்கேட்டில் இருந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்கூட்டர் பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போவேன். போகிற வழியில் அது கண்ணை மூடும், மூக்கை மூடும், கடைசியில் காற்றில் பறந்து ஏதாவது லாரி டயருக்குப் போய்ச் சேரும். அப்போதாவது புரியும்.

முன்னெச்சரிக்கை: இந்தப் பதிவு கொஞ்சம் காரமாக இருக்கும். பின்னல் போடுகிற அம்மாக்கள், அத்தைகள், அக்காக்கள் எல்லாம் கோபித்துக்கொள்ளலாம். கோபம் தணிந்ததும் இன்ச் டேப்பை எடுத்தீர்கள் என்றால் சந்தோஷம்.

என் பிழைப்பே அளவுதான் மக்களே. ஓசூர் ரோட்டில் ஒரு ஏற்றுமதி கார்மெண்ட் கம்பெனியில் க்வாலிட்டியில் இருக்கிறேன். பையர் கொடுக்கிற ஸ்பெக் ஷீட்டில் மார்பு அளவு 20 இன்ச், கால் இன்ச் முன்னே பின்னே போகலாம் என்று போட்டிருந்தால், முக்கால் இன்ச் போன சட்டையை எடுத்து ஓரமாக வைப்பதுதான் என் வேலை. எங்கோ அமெரிக்காவில் முகம் தெரியாத ஒருத்தர் போடப்போகிற சட்டைக்குக் கால் இன்ச் கணக்குப் பார்க்கிற இதே ஊரில், சொந்தப் பேரக்குழந்தைக்குப் பின்னுகிற குல்லாவுக்கு ஒரு கணக்கும் கிடையாது. "குத்துமதிப்பா போட்டேன்மா, கரெக்டா வந்திருச்சு" என்கிறார்கள். எங்கே கரெக்டாக வந்தது? குழந்தையைக் கேட்டீர்களா?

ஊரில் இருப்பவர்களுக்காகச் சின்ன விளக்கம். அத்திபெலே என்பது கர்நாடகத்தின் வாசல்படி. ஒரு எட்டு வைத்தால் ஓசூர், தமிழ்நாடு. சுமார் 900 மீட்டர் உயரம். அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, மார்கழி விடிகாலையில் இங்கே அடிக்கிற 15, 16 டிகிரியே காஷ்மீர்தான். பெங்களூரில் இதுவரை பதிவானதில் மிகக் குறைவு 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். நார்வேக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் நம்ம ஊர் அம்மாக்களுக்கு 'பெங்களூர்' என்றாலே பனிமலைதான். கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை ராத்திரி தெற்கே பஸ் ஏறிப்போகிற பிள்ளைகள் எல்லாம் ஞாயிறு ராத்திரி திரும்பும்போது முறுக்கு டப்பாவோடு ஆளுக்கொரு குல்லாவும் கொண்டு வருவார்கள். தலையைப் பார்க்காமலே செய்த குல்லா.

தலையைப் பார்க்காமல் செய்வது குற்றமில்லை. அளவைக் கேட்காமல் செய்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம்ம திருப்பூர் பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போடுகிற சமாச்சாரம், வெளியே யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் 80, 85, 90 என்று மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் அச்சடித்துத் தருகிறான். கடைக்குப் போய் "அண்ணே, தொண்ணூறு கொடுங்க" என்று கேட்காத தமிழன் உண்டா? ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள், 580 மி.மீ., 600 மி.மீ. என்று தலைச் சுற்றளவே போட்டிருக்கும். ரெடிமேட் துணிகளை உதிரியாக விற்றால் எஸ், எம், எல் என்ற எழுத்தோடு சென்டிமீட்டர் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும் என்று 2022-ல் பேக்கேஜ் விதிகளைத் திருத்தி மத்திய அரசே சொல்லிவிட்டது. பனியனுக்கு இருக்கிற மரியாதை குல்லாவுக்கு இல்லை. ரோட்டோரக் குவியலில் 'ஃப்ரீ சைஸ்', வீட்டுப் பின்னலில் 'குத்துமதிப்பு'. ரெண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: உன் தலை எனக்கு முக்கியமில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். "90 கண்ணி ஏத்து, குல்லா வந்துரும்" என்று ஒரு மந்திரம் எங்கள் அபார்ட்மெண்ட் பெண்கள் மத்தியில் உலவுகிறது. யாரோ ஒரு வீடியோவில் சொன்னதாம். அந்த 90 கண்ணி என்ன ஆகும் என்று பார்ப்போமா?

ஒரு இன்ச்சுக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நூலின் தடிமன், ஊசியின் தடிமன், பின்னுகிறவர் கை இறுக்கம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இன்ச்சுக்கு 5 கண்ணி விழுந்தால் 90 கண்ணியில் 18 இன்ச் குல்லா. கொஞ்சம் இறுக்கிப் பின்னுகிறவர், இன்ச்சுக்கு ஐந்தரை. அவருக்கு அதே 90 கண்ணியில் 16.4 இன்ச்தான் வரும். தளர்வாகப் பின்னுகிறவருக்கு நாலரை விழுந்தால் முழுசாக 20 இன்ச். 16.4 என்பது ஒரு வயதுக் குழந்தைக்குக் கிட்டத்தட்டச் சரியான குல்லா. 20 என்பது என் ரங்கமணியின் குல்லா. அதே நூல், அதே ஊசி, அதே 90 கண்ணி. கை மட்டும்தான் வேறு. இன்ச்சுக்கு ஒரே ஒரு கண்ணி வித்தியாசத்தில் குழந்தை குல்லா அப்பா குல்லா ஆகிவிடுகிறது. இதற்குப் பேர் மந்திரமா?

அதனால்தான் உலகம் முழுக்கப் பின்னுகிறவர்கள் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னுகிறார்கள். ஆறு இன்ச்சுக்கு ஆறு இன்ச் பின்னி, துவைத்து, தட்டையாக விரித்துக் காய வைத்து, நடுவில் நாலு இன்ச்சுக்கு எத்தனை கண்ணி என்று எண்ணி நாலால் வகுப்பது. ஓரத்தை எண்ணக் கூடாது, ஓரம் எப்போதும் பொய் சொல்லும். துவைக்காமலும் எண்ணக் கூடாது, ஏனென்றால் பல நூல்கள் முதல் சலவையில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும். ஒரு சாயங்கால வேலை. "அந்த நேரத்துல பாதிக் குல்லா முடிச்சிருவேனே" என்பார் எங்கள் எதிர் வீட்டு அக்கா. முடிப்பீர்கள் அக்கா. யாருக்கும் சேராத பாதி.

அடுத்த கூத்து ஊசி நம்பர். இது தெரியாமல் எத்தனை பேர் நூலை வீணாக்குகிறார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. நம் ஊரில் அம்மா காலத்து ஊசிகள் பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க நம்பர் தலைகீழ், ஏற ஏறத் தடிக்கும். அமெரிக்க வீடியோவில் '8-ம் நம்பர்' என்று சொன்னால் அது 5 மி.மீ. அம்மாவின் டப்பாவில் இருக்கிற 8-ம் நம்பர் 4 மி.மீ. 10-ம் நம்பர் என்றால் இன்னும் கொடுமை: அங்கே 6 மி.மீ., இங்கே 3.25 மி.மீ. கிட்டத்தட்டப் பாதி! 7-ம் நம்பர் ஒன்றுதான் ரெண்டு கணக்கிலும் 4.5 மி.மீ. என்று ஒத்துப்போகும். அமெரிக்கப் பேட்டர்னை நம்பி, நம்ம ஊர் 10-ம் நம்பர் ஊசியில், மெல்லிய நூலில் பின்னினால் வருவது குல்லா இல்லை, தேங்காய்க்கு உறை. நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியாகிவிட்டது.

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. உலகத்தில் பல நாடுகளில் பெண்கள் கையில் இருக்கிற 'போனி' ஊசி எங்கே தயாராகிறது தெரியுமா? நம்ம நீலகிரியில், கேத்தியில். 1949-ல் ஆரம்பித்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. கம்பெனிச் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு 1981 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்றின் மூலம் அந்தப் பேர் மனப்பாடம். ஊசி நம்முடையது, அதில் மில்லிமீட்டர் அச்சடித்தும் தருகிறார்கள், அதைப் படிக்கத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

இப்போது தலைக்கு வருவோம். குல்லா விஷயத்தில் மிகப் பெரிய பித்தலாட்டம் '0-3 மாதம்', '3-6 மாதம்' என்று வயதை வைத்து அளவு சொல்வது. குழந்தை வயதைத் தலையில் எழுதிக்கொண்டா பிறக்கிறது? நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 34 செ.மீ.க்கு அக்கம்பக்கம். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு 1 செ.மீ., அதற்கப்புறம் ஒரு வயது வரை மாதத்துக்கு அரை செ.மீ. என்று வளரும். கூட்டிப் பாருங்கள், வருஷத்துக்கு 12. ஒரு வயதில் 45, 46. அதற்கப்புறம் வேகம் குறைந்துவிடும். அடுத்த ஒரு வருஷத்துக்கு 2 செ.மீ.தான். அதாவது '0-3 மாதம்' என்று ஒரே லேபிள் ஒட்டுகிற காலத்தில் தலை 6 செ.மீ. மாறுகிறது! அதே தலை ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை மாறுவது அதில் மூன்றில் ஒரு பங்கு. லேபிள் போடுகிறவருக்கு இது தெரியுமா? எங்கள் தெரு முனையில் வளைகாப்புக்குப் பின்ன ஆரம்பித்து, குழந்தை உட்காருகிற நேரத்தில் முடிக்கிற ஆச்சிகள் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த குழந்தை அளவில் பின்னி என்ன பிரயோஜனம்? முடியப்போகிற மாதத்தின் தலைக்குப் பின்ன வேண்டாமா?

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து வளர்ச்சி அட்டவணை போட்டது. அதில் தலைச் சுற்றளவுக்கான பகுதி 2007-ல் வந்தது. உங்கள் டாக்டர் தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை தலையைச் சுற்றி டேப் போட்டு ஒரு நம்பர் எழுதுகிறாரே, அதை அந்த அட்டவணையோடுதான் ஒப்பிடுகிறார். அந்த நம்பர் தடுப்பூசிப் புத்தகத்தில், பீரோவுக்குள், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை வாட்ஸப்பில் அம்மாவுக்கு அனுப்ப உங்களுக்கு அரை நிமிஷம். அனுப்பினீர்களா? பின்னுகிறவர்களை மட்டும் திட்டுகிறேன் என்று சிரித்துக்கொண்டிருந்த இளம் பெற்றோர்களே, இந்தப் பத்தி உங்களுக்கு :-)

(பெரியவர்களுக்கு என்று நிஃப்ட் நடத்திய 'இந்தியாசைஸ்' ஆய்வில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பதாகத் திட்டம் போட்டார்கள். 15 வயதிலிருந்து 65 வயது வரை. நம்ம குழந்தைகள் அந்தக் கணக்கிலும் வரவில்லை. ஆக, நம் வீட்டு இன்ச் டேப்புதான் கதி.)

"வளர்ற புள்ளைதானே, பெருசா இருந்தா அடுத்த வருஷமும் ஆகும்." இந்த வசனத்தைச் சொல்லாத தமிழ்க் குடும்பம் கிடையாது. பள்ளிக்கூட யூனிபார்மை ரெண்டு சைஸ் பெரிதாக வாங்கி மடித்துத் தைத்து, மூன்று வருஷம் ஓட்டிய பரம்பரை நாம். நானும் அப்படிப் போட்டுத்தான் வளர்ந்தேன், அதில் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் பாவாடை பெரிதாக இருந்தால் இடுப்பில் ஒரு ஊக்கு போதும். குல்லா பெரிதாக இருந்தால் கண்ணை மூடும், இல்லை மூக்குக்கு இறங்கும். எட்டு மாதக் குழந்தைக்கு அதைத் தள்ளிவிடத் தெரியுமா?

வளர்ச்சிக்கு இடம் விட வேண்டும் என்றால் சுற்றளவில் விடாதீர்கள், உயரத்தில் விடுங்கள். இது ரொம்ப முக்கியம். குல்லா தலையில் நிற்பதே அது தலையை விடக் கொஞ்சம் சிறியதாக இருந்து, இழுபட்டு, பிடித்துக்கொள்வதால்தான். பெரியவர்களுக்குத் தலை அளவை விட 2 இன்ச் குறைவு, குழந்தைக்கு 1 இன்ச் குறைவு என்பது பொதுவான கணக்கு. 46 செ.மீ. என்றால் 18 இன்ச் தலை. 17 இன்ச் குல்லா. இன்ச்சுக்கு 5 கண்ணி விழுகிற கைக்கு 85. ரெண்டு நேர், ரெண்டு எதிர் என்று விளிம்பு போட நாலால் வகுபட வேண்டும், ஆக 84. அவ்வளவுதான் கணக்கு. பருத்தி நூல் என்றால் அவ்வளவு இழுபடாது, அரை இன்ச் குறைத்தால் போதும். விளிம்பை மட்டும் ரெண்டு இன்ச் கூடுதலாகப் பின்னி மடித்து விடுங்கள். தலை வளர வளரப் பின்னல் இழுபட்டுக் கொடுக்கும், மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் காதை மூடலாம். இதுதான் அடுத்த வருஷமும் ஆகிற குல்லா.

உயரம் தெரிய ஒரு காதின் அடியிலிருந்து உச்சி வழியாக மறு காதின் அடி வரை அளந்து பாதியாக்குங்கள். சுற்றளவை எடுக்கும்போது புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை துருத்துகிற இடத்தைச் சுற்றி. நெற்றி நடுவில் எடுத்துவிட்டு "சின்னத் தலைதான்" என்று சொல்லாதீர்கள். இன்னொன்று, ஊசியில் கண்ணி ஏற்றும்போதே இறுக்கி ஏற்றிவிட்டால் மேலே என்ன கணக்குப் போட்டும் புண்ணியமில்லை. விளிம்பு இழுபடாது, நெற்றியில் கோடு விழும். ஏற்றுவதற்கு மட்டும் ஒரு தடிமன் கூடிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடு விழுகிற பேச்சு வந்ததால் சொல்கிறேன். "குல்லா இறுக்கமா இருந்தாத்தான் தலை உருண்டையா வரும்" என்று ஒரு கட்சி. மாமியார் ஸ்தானத்தில் இருப்பவர்கள் சொல்வதால் மருமகள்கள் வாயைத் திறப்பதில்லை. நான் திறக்கிறேன். பிரசவத்தில் அழுந்திய தலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். உச்சிக்குழி மூட ஒன்றரை வயது வரைகூட ஆகும். எலும்புகள் இன்னும் சேராமல், உள்ளே மூளை மாதத்துக்கு ரெண்டு செ.மீ. வேகத்தில் இடம் கேட்கிற நேரத்தில், வெளியே இருந்து ஒரு உல்லன் பட்டையை வைத்து உருண்டை பிடிப்போம் என்கிறார்கள். தலை என்ன கொழுக்கட்டையா அத்தை?

அதோடு, வீட்டுக்குள் குழந்தை தூங்கும்போது குல்லா எதற்கு? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2022-ல் தந்த தூக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதலில், பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். உடம்பு சூடேறினால் குழந்தை அதை வெளியேற்றுவதே பெரும்பாலும் தலை வழியாகத்தான். ஜன்னலைச் சாத்தி, ரெண்டு கம்பளி போர்த்தி, மங்கி குல்லாவும் மாட்டி, "ஏன்டி பிள்ளை இப்படி வேர்க்குது" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? விடிகாலையில் வெளியே தூக்கிப்போகும்போது, வண்டியில் போகும்போது போடுங்கள். உள்ளே வந்ததும் கழற்றுங்கள்.

இப்போது நான் உண்மையிலேயே கோபப்பட வந்த விஷயம்.

எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் ஒரு வருஷம் 'குல்லா தானம்' நடத்தினார்கள். பொங்கலுக்குள் ஐந்நூறு குல்லா, அரசு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கு. நல்ல மனசு. யாரும் குறை சொல்ல முடியாது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "என்ன அளவு?" பொறுப்பாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பேபி சைஸ்தாங்க." குழுவில் தினமும் எண்ணிக்கை மட்டும் ஓடியது. இன்று 212, இன்று 260, ஃபோட்டோ, கைதட்டல் பொம்மை. ஒருத்தர்கூட ஒரு சென்டிமீட்டர் எழுதவில்லை.

28 வாரத்தில் பிறக்கிற குழந்தையின் தலை எவ்வளவு இருக்கும் தெரியுமா? சுமார் 26 செ.மீ. பெரிய சாத்துக்குடியை விடக் கொஞ்சம் பெரிது. 32 வாரத்தில் 29-ஐ ஒட்டி. சேர்ந்த குல்லாக்களை மேஜையில் பரப்பியபோது நான் டேப்போடு போனேன் (தொழில் புத்தி). கையில் எடுத்ததில் பாதிக்கு மேல் இழுக்காமலே 38, 40 செ.மீ. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கே தொளதொளவென்று இருக்கும். சிலது பூவும் பொத்தானும் வைத்துத் தைத்தது. பிய்ந்து வாய்க்குள் போனால் யார் பொறுப்பு? அவற்றை வாங்கிக்கொண்ட நர்ஸ் அம்மா பாவம், மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் தனியாகக் கேட்டபோதுதான் சொன்னார்: "பெரிசா இருக்கிறதை மடிச்சு பிளாஸ்திரி ஒட்டிப் பார்ப்போம்மா. நிக்காது. எங்களுக்குச் சின்னதுதான் வேணும், அது யாரும் தர்றதில்ல."

குறைமாதக் குழந்தைக்குக் குல்லா அலங்காரம் இல்லை மக்களே. பிறந்த குழந்தையின் உடல் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தலைதான். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டர், இன்குபேட்டர் பற்றாக்குறையில், குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கும் முறையை ஆரம்பித்தார். கங்காரு பராமரிப்பு என்று இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். அதில் குழந்தைக்கு உடுப்பு என்று இருப்பதே ஒரு டயப்பர், ஒரு குல்லா, காலுறை. அவ்வளவுதான். மீதி எல்லாம் அம்மாவின் சூடு. அந்த மூன்றில் ஒன்றை நாம் தருகிறோம் என்று கிளம்பி, அது நழுவி அம்மா மடியில் விழுகிற மாதிரி பின்னிக் கொடுத்தால், நாம் கொடுத்தது என்ன?

இதைச் சொன்னதற்கு எனக்கு வந்த பதில்: "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது." அட, அந்தப் பழமொழி வாங்குகிறவருக்குச் சொன்னதுங்க! கொடுக்கிறவர் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கிழட்டு மாட்டைத் தள்ளிவிட்டு "பார்க்கக் கூடாது" என்றால் அது தானமா, தலைமுழுகலா?

ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன். எந்த எடைக் குழந்தைகள் அதிகம், எத்தனை செ.மீ. வேண்டும், என்ன நூல், கொதிநீரில் துவைக்கத் தாங்க வேண்டுமா. நாலு கேள்வி. 26-க்கு இத்தனை, 29-க்கு இத்தனை, 33-க்கு இத்தனை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவு எழுதிய சின்னத் துண்டுச் சீட்டு. ஐந்நூறு வேண்டாம், ஐம்பது போதும். எண்ணிக்கை குறைந்தால் ஃபோட்டோ நன்றாக வராது, அது வேறு கவலை.

"அன்பா பண்றதுக்கு எதுக்குங்க அளவு?" என்று கேட்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. நம் வீட்டில் அன்பாகச் சமைக்கிறவர்கள் உப்பைக் குத்துமதிப்பாகப் போடுவதாக நினைப்பு. தப்பு. அம்மா கை உப்பை அளந்துதான் போடுகிறது, அந்தக் கைக்கு நாற்பது வருஷப் பழக்கம், ருசி பார்க்க நாக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. குல்லா விஷயத்தில் தலை 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கைக்குப் பழகாத தலை. அங்கே அளவுதான் அன்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ்.

நம்ம ஆட்களுக்கென்றே சில சங்கதி இருக்கிறது, எந்த அமெரிக்கப் பேட்டர்னிலும் வராது. ஒன்று மொட்டை. குலதெய்வம் கோயிலில் முடியிறக்கி, சந்தனம் பூசி, அடுத்த நாள் அத்திபெலே குளிருக்குத் திரும்பும்போதுதான் குழந்தைக்கு நிஜமாகவே குல்லா தேவை. அன்றைக்குத்தான் அது சேராது. அடர்த்தியான சுருட்டை முடியோடு அளந்த குல்லா மொட்டைத் தலையில் வழுக்கும், சொரசொர நூல் தோலை அறுக்கும். முடியிறக்கப் போகிறீர்கள் என்றால் முடியை அழுத்தி, டேப்பைத் தோலோடு ஒட்டி அளந்து, மெத்தென்ற நூலில் தனியாக ஒன்று பின்னுங்கள். இரண்டு, நம் பெண்களின் கொண்டை. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடைக்குச் சாதாரண அளவு போதும்; கொண்டை போட்டால் உச்சியிலோ பின்னாலோ மேடு வந்து குல்லா ஏறிக்கொண்டே போகும், காது வெளியே நிற்கும். தினம் எப்படி முடி போடுவீர்களோ அப்படிப் போட்டுக்கொண்டு அளந்து, உயரத்தில் ஒரு இன்ச் கூட்டுங்கள். மூன்று, ஹெல்மெட்டுக்குள் உல்லன் குல்லா போடுகிற கம்பெனி அண்ணன்மார். 580-க்குப் பழகிய தலைக்கு உள்ளே தடித்த குல்லா போனால் ஹெல்மெட் சரியாக உட்காராது. வண்டிக்குக் குல்லாவே வேண்டாம். காதுக்குக் குளிர்ந்தால் மெல்லிய துணி போதும்.

பி.கு.: வாட்ஸப், சென்டிமீட்டர் எல்லாம் ஆகாது என்கிற ஆச்சிகளுக்கு ஒரு வழி. தைக்கிற நூல், இழுபடாததாக எடுத்து, குழந்தை தலையைச் சுற்றி வைத்து, சேர்கிற இடத்தில் கத்தரியுங்கள். காதிலிருந்து காதுக்கு இன்னொரு நூல், வேறு நிறத்தில். ரெண்டையும் ஒரு காகிதத்தில் ஒட்டி, அளந்த தேதியையும் குழந்தைக்கு எத்தனை மாதம் என்பதையும் எழுதி, அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால், "இந்த நூலை விட ரெண்டு விரல் பெருசா போடுங்க ஆச்சி, வந்து சேர்றதுக்குள்ள வளர்ந்திருப்பான்" என்றும் ஒரு வரி.